பூசணம் பிடிக்காத பொருள்கள்

ஒரு வீட்டுக்குள் நுழைந்ததும் நான் முதலில் செய்வது, அலமாரியைத் திறந்து மேல்தட்டில் கிடக்கும் தோல் பையையோ பெல்ட்டையோ எடுத்து அதன் மேல் விரலால் ஒரு கோடு இழுப்பதுதான். விரலில் வெள்ளையாக ஒட்டினால் அந்தப் பொருள் வெளியே போக வேண்டும். எங்கள் தீவில் மழை வந்தால் சட்டென்று போகாது. தொடாமல் வைத்த எதுவும் ஒரு மழைக்காலத்தைத் தாண்டாமல் பூசணம் பிடித்துவிடும். "இது டெய்லி யூஸ் பண்றதுதான் மேடம்" என்று வீட்டுக்காரர்கள் கூசாமல் சொல்வார்கள். நான் விரலைக் காட்டுவேன். அதற்கப்புறம் பேச்சு இருக்காது.

பிறர் வீட்டுச் சாமான்களைக் கழித்துவிட்டு மிச்சத்தை அடுக்கிக் கொடுப்பது என் தொழில். ஆரம்பத்தில், மெயின்லேண்டுக்கு மாற்றலாகிப் போகிற அரசு அலுவலர்களுக்கு வீட்டைக் காலி செய்து மூட்டை கட்டிக் கொடுத்தேன். எதைக் கப்பலில் ஏற்றுவது, எதை இங்கேயே விடுவது என்று புருஷனும் பெண்டாட்டியும் சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள். படாக் மரக்கட்டிலைக் கொண்டுபோக வனத்துறை அனுமதிக்கு அலைவதா வேண்டாமா என்பதிலேயே ஒரு வாரம் ஓடிவிடும். நடுவில் புகுந்து நான் முடிவெடுப்பேன். பிறகு ஹேவ்லாக் ரிசார்ட்டுகளில் துணி அறையை ஒழுங்குபடுத்தக் கூப்பிட்டார்கள். எங்கள் ஊரான போர்ட் பிளேயரின் பெயர் மாறிவிட்டது, எங்கள் வாயில் இன்னும் மாறவில்லை. அந்த ஊரில் இப்போது சாமான் அக்கா, சாமான் தீதி என்றால் ஆட்டோக்காரர்களுக்குக்கூட என்னைத் தெரியும்.

இங்கே ஜனங்கள் சேர்த்து வைப்பதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. கடல் மோசமானால் கப்பல் நின்றுபோகும், அபர்டீன் பஜாரில் வெங்காயம்கூடத் தேட வேண்டியிருக்கும். அந்தப் பயத்தில் காலி டப்பா, அட்டைப்பெட்டி, அறுந்த வயர் எதையும் விடமாட்டார்கள். "கப்பல் வரலேன்னா என்ன பண்றது?" என்பார்கள். "கப்பல் வரலேன்னா இந்தக் காலி டப்பாவையா திங்கப் போறீங்க?" என்பேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அந்த வாய்க்காகத்தான் கூப்பிடுகிறார்கள் என்றுகூட நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஹேடோவில் இருக்கும் என் வீட்டைப் பார்த்தால் என் தொழில் புரியும். ஆளுக்கு ஒரு தட்டு, விருந்தாளிக்கு இரண்டு. சுவரில் ஒரு காலண்டர். சொந்தக்காரர்கள் லாட்ஜ் மாதிரி இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போவார்கள். எனக்கு அது பாராட்டாகத்தான் கேட்டது. என் மகள் படிக்கச் சென்னைக்குப் போன அந்த வாரமே அவள் அறையைக் காலி செய்து, துடைத்து, போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன். புது வாடிக்கையாளர்களுக்குக் காட்டுவது அந்தப் போட்டோவைத்தான். "பாருங்க, இதுவும் ஒரு வயசுப்பொண்ணு இருந்த ரூம்தான்" என்பேன். இதை இப்போது எழுதும்போது கை கூசுகிறது.

மகளுக்குக் கல்யாணமாகிச் சென்னையிலேயே இருக்கிறாள். போன வருஷம் முழுகாமல் இருந்தாள். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்பதில் எனக்குக் கேள்வியே இல்லை. வளைகாப்புக்குப் போனபோதே கையோடு அழைத்து வந்துவிடலாம் என்றிருந்தேன், பிறகு பார்க்கலாம் என்று தட்டிக் கழித்தாள். ஊருக்குத் திரும்பிய பிறகு போனில் கேட்டேன்.

"டிக்கெட் போடட்டுமா? எட்டாம் மாசம் முத்திட்டா டாக்டர் பிளைட்ல ஏற விடமாட்டாங்க."

"இல்லம்மா. நான் இங்கயே பாத்துக்கறேன்."

மாமியார் ஏதாவது சொன்னார்களா என்று கேட்டேன். இல்லை என்றாள். மாப்பிள்ளைக்கு இஷ்டம் இல்லையா என்றேன். அவர்தான் போயிட்டு வா என்கிறார் என்றாள். எனக்குப் பொறுமை போய்விட்டது. அப்புறம் என்னதான் உனக்கு என்று கத்தினேன்.

"அங்க வந்தா நான் எங்கம்மா உட்காருவேன்?" என்றாள்.

"இது என்னடி கேள்வி? வீடு முழுக்கக் காலியாத்தானே கிடக்கு. எங்க வேணா உட்காரு."

"அதைத்தான்மா சொல்றேன்" என்று போனை வைத்துவிட்டாள்.

அன்றைக்கு முழுக்க அவள் மேல் கோபமாகத்தான் இருந்தேன். பெற்ற தாயிடம் பேசுகிற பேச்சா இது என்று பாத்திரங்களிடம் கேட்டுக்கொண்டே பாத்திரம் தேய்த்தேன். மறுநாள் கோபம் வடிந்ததும் பயம் வந்தது. இவள் நிஜமாகவே வரமாட்டாள். என் மகளுக்குப் பிரசவம் ஆகும்போது நான் ஒரு விருந்தாளியைப் போலப் பழக்கூடையோடு போய் நிற்கப் போகிறேன். அந்த நினைப்பையே என்னால் தாங்க முடியவில்லை. அறையை நன்றாகத் தயார் செய்து போட்டோ அனுப்பினால் மனம் மாறுவாள் என்று தோன்றியது. போட்டோ எடுப்பதைத் தவிர வேறு வழி தெரியாதவளாக இருந்திருக்கிறேன்.

அவள் அறை எப்போதும் சாத்தியே இருக்கும். உள்ளே போய் அலமாரியைத் திறந்தேன். தட்டுகளில் ஒன்றும் இல்லை. பழக்கதோஷத்தில் காலித் தட்டின் மேல் விரலை வைத்து இழுத்தேன். வெள்ளை வெளேரென்று ஒட்டிக்கொண்டு வந்தது. பின்பலகை, கதவின் உட்பக்கம், மெத்தையின் அடிப்புறம் என்று எங்கே தொட்டாலும் பூசணம். பொருள் இருந்தால்தான் பூசணம் பிடிக்கும் என்று எப்படி நம்பிக்கொண்டிருந்தேனோ தெரியவில்லை. என் சட்டப்படி அந்த அறையையே தூக்கி வெளியே போட்டிருக்க வேண்டும். விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டேன்.

பினாயில் போட்டுத் துடைத்தேன். பிறகு பிள்ளைக்குத் துணி எடுத்து வைக்கலாம் என்று தேடினேன். எங்களில் பிறந்த குழந்தைக்குப் புதுத்துணி போடுவதில்லை. துவைத்துத் துவைத்து நைந்துபோன பருத்திப் புடவை, பழைய வேட்டி, இவற்றைக் கிழித்துத்தான் சுற்றுவோம். தூளி கட்டுவதும் பழம்புடவையில்தான். எந்த வீட்டில் இல்லாவிட்டாலும் பழந்துணி இருக்கும். நான் வீட்டின் நான்கு மூலையும் தேடினேன். என் புடவைகள் எல்லாம் மடிப்புக் கலையாத புடவைகள். என் வீட்டுக்காரருடைய வேட்டிகள் இரண்டும் கஞ்சி போட்டு நின்றன. ஒரு பிறந்த குழந்தையின் உடம்பில் படத் தக்க கந்தல் ஒன்றுகூட என் வீட்டில் இல்லை. ஊர் முழுக்க அடுக்கிக் கொடுத்தவள் நான்.

கழித்ததை எல்லாம் நான் குப்பையில் போட்டதில்லை. எனக்கு உதவிக்கு வருகிறவளிடம் கொடுத்துவிடுவேன். நான் தொழில் தொடங்கிய நாளிலிருந்து அவள் என்னோடு இருக்கிறாள். ரப்பர்த் தோட்டத்து வேலைக்காக இலங்கையிலிருந்து கச்சால் தீவில் கொண்டுவந்து குடியேற்றிய குடும்பம் அவளுடையது. சுனாமியில் கடல் ஏறி வந்த வருஷம் கச்சாலை விட்டு இங்கே வந்துவிட்டார்கள். அதனால் நான் அவளைக் கச்சால்காரி என்றுதான் கூப்பிடுவேன். அவளுக்கு நான் அக்கா, என் மகள் பாப்பா. என் மகளுக்கு அவள் சித்தி. என் வீட்டுச் சாவி ஒன்று அவளிடம் இருக்கிறது. வாடிக்கையாளர் வீட்டில் நகைப்பெட்டியை அவள் கையில் கொடுத்துவிட்டு நான் வேறு அறைக்குப் போவேன். அப்படி ஒரு நம்பிக்கை. "இதையும் எடுத்துட்டுப் போ" என்று நான் நீட்டுவதை எல்லாம் ஒரு வார்த்தை பேசாமல் வாங்கிக்கொள்வாள். அவற்றை என்ன செய்தாள் என்று நான் கேட்டதே கிடையாது. கைவிட்டுப் போனால் போனதுதான் என்பதும் என் சட்டங்களில் ஒன்று.

அந்த வாரம் அவள் காய்ச்சலில் படுத்திருந்தாள். பன்னும் வாழைப்பழமும் வாங்கிக்கொண்டு, அவள் குடியிருக்கும் கராச்சரமாவுக்கு பஸ் ஏறினேன். காய்ச்சல் விசாரிக்க என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில் பழைய புடவை ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று கேட்கத்தான் போனேன்.

இத்தனை வருஷத்தில் அவள் வீட்டு வாசலோடு திரும்பியிருக்கிறேனே தவிர உள்ளே போனதில்லை. நான் வருவது தெரிந்தால் கேட்டுக்கு ஓடிவந்து நின்றுகொண்டே பேசி அனுப்பிவிடுவாள். எனக்கு அவசரம் என்று தெரிந்து அப்படிச் செய்கிறாள் என்று நினைத்திருந்தேன். அன்று அவளால் எழுந்திருக்க முடியவில்லை. லோடு ஆட்டோ ஓட்டுகிற அவள் புருஷன்தான் கதவைத் திறந்தார். என்னைப் பார்த்ததும் அவர் முகம் போன போக்கைப் பார்த்து, நோய் ரொம்ப முற்றிவிட்டதோ என்று பயந்து நேரே உள்ளறைக்குப் போய்விட்டேன்.

கட்டிலில் அவள் கம்பளி போர்த்திப் படுத்திருந்தாள். கட்டிலைச் சுற்றிலும் என் வீடு இருந்தது.

வேறெப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. ஜன்னலோரம் என் வீட்டுக்காரருடைய பிரம்பு நாற்காலி. அதன் கை உடைந்ததால் நான் கழித்தது. சுவரில் ஆணி அடித்து என் மகளின் பள்ளிக்கூடப் பை. மூலையில் அவருடைய தூண்டில் தங்கூசி நரம்பு சுற்றிய மரக்கட்டைகள், எண்ணெய் போட்டுப் பளபளவென்று. ஒற்றைக்கண் பொம்மை, மூடி இல்லாத ஜாமெட்ரி பாக்ஸ், வண்டூர் கடற்கரையில் மகள் பொறுக்கிய சிப்பிகள் ஒரு பிஸ்கட் டின்னில். ஒருக்களித்துத் திறந்திருந்த மர அலமாரிக்குள் ஒரு ஜீரோ வாட் பல்பு எரிந்துகொண்டிருந்தது. தீவில் எல்லா வீட்டு அலமாரியிலும் அந்தப் பல்பு இருக்கும், ஈரம் ஏறாமல் இருக்க. சாமான் குறைந்த வீட்டுக்குப் பல்பு எதற்கு என்று என் வீட்டில் நான் கழற்றிவிட்டேன். அந்த வெளிச்சத்தில் என் பருத்திப் புடவைகள் மடித்து அடுக்கியிருந்தன.

அவள் கம்பளியை விலக்கிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, நீங்க இங்க வந்தா கோவப்படுவீங்கன்னுதான் வாசல்லயே பேசுறது" என்றாள்.

"இதெல்லாம் என்ன?"

"பாப்பா வச்சுக்கச் சொல்லுச்சு, வச்சிருக்கேன். எனக்கு மட்டும் ஆசையா? கட்டிலைத் திருப்பிப் போட இடமில்ல. தினம் இவரு சண்டை. அந்தப் படிக்கிற மேசைய மட்டும் வித்துட்டேன், அதுவும் பாப்பாக்கிட்ட போன் பண்ணிக் கேட்டுத்தான்."

நான் பள்ளிக்கூடப் பையின் பக்கத்தில் போய் அதன் தோல் வாரில் விரலை வைத்து இழுத்தேன். விரலைப் பார்த்தேன். ஒன்றும் ஒட்டவில்லை. பொம்மையைத் தொட்டேன். நாற்காலியின் பிரம்பைத் தொட்டேன்.

"நீ துடைச்சு வைக்கிறியா?"

"நான் எங்கக்கா துடைக்கிறது? பாப்பா லீவுக்கு வந்தா தினம் இங்கதானே. பஜாருக்குப் போறேன்னு உங்கக்கிட்ட சொல்லிட்டு வந்துரும். எல்லாத்தையும் எடுத்துத் தரையில பரப்பி உக்காந்துக்கும். அது போனப்புறம் உங்க வீட்டு சார் வருவாரு. இவரும் அவரும் ஒக்காந்து தங்கூசி சுத்துவாங்க, டைம்பாஸ். மத்லப், அதாவதுக்கா, யாராச்சும் தொட்டுக்கிட்டேதான் இருக்காங்க."

என் வீட்டுக்காரர் தீவுகளுக்கு இடையே ஓடுகிற படகில் என்ஜின் வேலை பார்க்கிறார். வாரத்தில் பாதி நாள் கடலில். கரையில் இருக்கும் நாளில், படகுத்துறை ஜெட்டிக்குப் போய்வருகிறேன் என்று கிளம்புவார். எந்த ஜெட்டி என்று நான் கேட்டதில்லை. என் வீட்டில் இரண்டு பேரும் ஆளுக்கொரு பொய்யைச் சொல்லிவிட்டு ஒரே இடத்துக்குப் போயிருக்கிறார்கள்.

அவள் புருஷன் டீ கொண்டுவந்து கொடுத்தார். எவர்சில்வர் டம்ளர். விளிம்புக்குக் கீழே என் பெயர் வெட்டியிருந்தது. என் கல்யாணச் சீர் டம்ளர், ஒன்றுக்கொன்று சேரவில்லை என்று நான் கழித்த செட். அதில் டீயைக் குடித்தேன். விருந்தாளியாகத்தான் குடித்தேன்.

"எல்லாத்தையும் திருப்பிக் குடு" என்றேன். "அவ ரூம்ல பழையபடி வச்சுடறேன். அப்பவாவது பிரசவத்துக்கு வருவா."

"பாப்பாக்கிட்ட கேட்டுட்டுத் தரேன்க்கா."

"என் வீட்டுச் சாமானுக்கு நான் யாரைக் கேக்கணும்?"

"குடுத்துட்டீங்களேக்கா" என்றாள். எகத்தாளம் இல்லை, கோபமும் இல்லை. காய்ச்சல் குரலில் நிதானமாகத்தான் சொன்னாள். பழத்தை அங்கே வைத்துவிட்டுக் கிளம்பினேன். பழந்துணி கேட்க மறந்துபோனேன்.

பஸ்ஸில் வரும்போது அழுதேன். எனக்குத் தெரியாமல் ஏமாற்றிவிட்டார்களே என்று அழத்தான் பார்த்தேன், ஆனால் அழுகை அந்தப் பக்கம் போகவில்லை. ஒவ்வொரு லீவிலும் மகள் வந்து இறங்கி, வீட்டைச் சுற்றி ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் கொறஞ்சிருக்கு" என்பாள். நான் சிரிப்பேன். நீ என் பொண்ணுதாண்டி, கண்டுபிடிச்சுட்ட பாரு என்பேன். அவள் என்ன தேடினாள் என்று ஒரு தடவையாவது கேட்டிருக்கலாம்.

அவர் கடலிலிருந்து வந்த அன்று சாப்பாடு போட்டுக்கொண்டே கேட்டேன். "தூண்டில் எல்லாம் கராச்சரமால இருக்கு போல."

சோற்றில் இருந்த கை நின்றது. "நீ தூக்கிப் போடறதுக்கு முன்னாடி நானே கொண்டுபோய் வச்சேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா என்ன?"

"சொன்னா அந்த எடமும் போயிருக்கும்" என்று சொல்லிவிட்டு ரசம் கேட்டார். கோபித்துக்கொண்டு சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். மழை வரும் போலிருக்கிறது என்று சொல்கிற குரலில் சொன்னார்.

அன்று மகளுக்குப் போன் செய்தேன். எடுத்ததும், "சித்தி வீட்டுக்குப் போயிருந்தேன். உள்ள போய்ப் பாத்துட்டேன்" என்றேன். லைன் போய்விட்டதா என்று போனைப் பார்த்தேன். போகவில்லை.

"தப்பு என் மேலதான்டி. நான் எல்லாத்தையும் நம்ம வீட்டுக்குக் கொண்டு வந்துடறேன். உன் ரூம்ல பல்பு போட்டு..."

"வேணாம்மா" என்று குறுக்கிட்டாள். "கொண்டு வராத. அங்கயே இருக்கட்டும்."

"அப்ப நீ?"

"வரேன்" என்றாள். "சித்தியும் கூட இருக்கணும். வர்றப்போ பழைய புடவைய எடுத்துட்டு வரச் சொல்லு. உன்னோட அந்த பச்சைப் புடவை. அதை யாருக்கும் குடுத்துடாதீங்கன்னு அவங்ககிட்ட எப்பவோ சொல்லி வச்சிருக்கேன்."

எனக்கு எந்தப் பச்சைப் புடவை என்றே நினைவில்லை. சரி என்று மட்டும் சொன்னேன்.

மாதம் முற்றுவதற்குள் வந்துவிட்டாள். கச்சால்காரி காய்ச்சல் தெளிந்து, மூட்டையோடு வந்து எங்கள் வீட்டில் தங்கினாள். வண்டூர்ச் சிப்பி டின்னும் கூடவே வந்தது, கேட்காமல் நானும் விட்டுவிட்டேன். பேத்தி பிறந்தாள். முதலில் அவளைச் சுற்றியது அந்தப் பச்சைப் புடவையின் துண்டுதான். பார்த்ததும் நினைவு வந்தது. மகளைப் பள்ளிக்கூடத்தில் முதல்முதலாகக் கொண்டுபோய் விட்டபோது, அழுதுகொண்டே அவள் பிடித்து இழுத்த முந்தானை. விளிம்பு அப்போது கிழிந்தது என்று கழித்திருந்தேன்.

வீடு இரண்டு மாதம் வீடாக இருந்தது. கொடியெல்லாம் துணி, தரையெல்லாம் பாய், சாம்பிராணிப் புகை, மூத்திர வாடை. என் கை சும்மா இருந்தது என்று சொன்னால் பொய். மகள் தூங்கும்போது ஒரு காலித் தைல பாட்டிலை எடுத்துக்கொண்டு வாசல் வரை போய்விட்டேன். பின்னாலேயே கச்சால்காரி வந்து நின்றாள். திரும்பி வந்து இருந்த இடத்திலேயே வைத்தேன்.

மகள் ஊருக்குக் கிளம்பும் முன்பே அவள் அறை அலமாரிக்குள் ஒரு ஜீரோ வாட் பல்பு மாட்டி எரியவிட்டேன். பேத்திக்குச் சுற்றிய துண்டுகளைத் துவைத்து, நடுத்தட்டில் மடித்து வைத்தேன். கிளம்புகிற காலையில் அவளைக் கூப்பிட்டுக் கதவைத் திறந்து காட்டினேன். "பாரு, பத்திரமா வச்சிருக்கேன். அடுத்த தடவ வர்றப்போ இங்கயே இருக்கும்" என்றேன்.

அவள் குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு பல்பையும் துணிகளையும் பார்த்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள். "சித்திகிட்ட குடுத்துடும்மா" என்று மெதுவாகச் சொன்னாள்.

துணிகளை ஒரு பையில் போட்டு ஏர்போர்ட்டுக்கே எடுத்துப் போயிருந்தேன். விமானம் போனதும் அங்கிருந்து அப்படியே கராச்சரமாவுக்குப் போனேன். கச்சால்காரி பையைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "பாப்பாக்கிட்ட கேட்டீங்களாக்கா?" என்றாள்.

"கேட்டேன். அவதான் உன்கிட்ட குடுக்கச் சொன்னா" என்றேன்.

அவள் வேறொன்றும் கேட்காமல் அலமாரியைத் திறந்து இடம் ஒதுக்க ஆரம்பித்தாள். நானும் ஒரு கை பிடித்தேன், அடுக்கத்தான் எனக்குத் தெரியுமே. வீட்டுக்கு வந்து மகளின் அறைக்குப் போனேன். காலி அலமாரியில் பல்பு எரிந்துகொண்டிருந்தது. அணைக்கக் கையை நீட்டிவிட்டு, அப்படியே கதவைச் சாத்தினேன். இன்றுவரை அணைக்கவில்லை.